பிரேக் குழாய்க்குள் ஒருவர்

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது என் மனைவியின் தம்பிக்கு, அதாவது என் மச்சானுக்கு, பட்டப்பகலில் நடந்தது. பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

மச்சான் பழைய கார்புரேட்டர் வண்டிகளை மட்டும் பார்க்கும் மெக்கானிக். ஒரு முழ ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை எஞ்சின் மேல் நகர்த்துவான். எங்கே காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறதோ, அங்கே 'உஸ்ஸ்' என்று கேட்கும். அதனால் அவனுக்கு 'டாக்டர்' என்று பட்டப்பெயர். கையெழுத்தும் அப்படித்தான், ஒருவருக்கும் புரியாது.

அன்று ஷெட்டில் நின்றது என் வண்டி. வாங்கி ஒன்பது நாள்தான். சிக்னலில் நின்றால் குலுங்கிக் குலுங்கி அணைந்துவிடும். ஐந்து மணிக்கு என் மனைவி இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு அதில் மலையிறங்க வேண்டும்.

"நாலரைக்கு வருவேன், முடிச்சு வை" என்று போனில் சொன்னாள்.

"வண்டி ரெடியா இருக்கும்க்கா. நீ நேரத்துக்கு வர்றியான்னு பாப்போம்."

"பிரேக் கல்லு மாதிரி இருக்குடா."

"பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்."

மணி 3.50. எஞ்சினிலிருந்து பிரேக்குக்குப் போகும் தடித்த ஹோஸில் 'உஸ்ஸ்' கேட்டது. நுனியில் சின்ன வெடிப்பு. புதிது வாங்க நேரமில்லை. டேப் சுற்றினான். எஞ்சின் குலுக்கம் அடங்கி, சீராக ஓடியது.

4.05. கடைசியாக ஒருமுறை குழாயைக் காதில் வைத்தான்.

உஸ்ஸ்... நின்றது. பிறகு... ஹா...

கசிவு இப்படி விட்டுவிட்டுக் கேட்காது. அந்த ஹோஸ் காற்றை உறிஞ்சும், ஊதாது. இது ஊதியது. காதில் சூடாகப் பட்டது.

எஞ்சினை அணைத்தான். 4.07.

உஸ்ஸ்... ஹா...

தன் மூச்சை அடக்கிப் பார்த்தான்.

உஸ்ஸ்... ஹா...

"முடிஞ்சுதா?"

குழாய் கைநழுவிக் கீழே விழுந்தது. ஷெட்டில் ஒருவரும் இல்லை.

தரையில் கிடந்த குழாயிலிருந்து மறுபடியும்...

"முடிஞ்சுதா?"

மச்சான் கத்தியை எடுத்து அந்த பிரேக் ஹோஸை அறுத்தான்.

டங்...

உள்ளிருந்து ஒரு போல்ட் விழுந்தது.

கசிவு எந்த ஹோஸில் என்று தேட, ஒவ்வொன்றாக போல்ட் சொருகி அடைத்துப் பார்ப்பது வழக்கம். பார்த்ததும் எடுத்துவிட வேண்டும். பிரேக் ஹோஸில் மறந்து விட்டால் எஞ்சின் ஜோராக ஓடும். ஆனால் பிரேக்குக்குப் பலம் தரும் அந்த உறிஞ்சல் போய்ச் சேராமல் பெடல் கல்லாகிவிடும், எவ்வளவு மிதித்தாலும் பிரேக் சரியாகப் பிடிக்காது. என் பிள்ளைகள் அந்த வண்டியில்தான் போயிருப்பார்கள்.

போல்ட்டின் தலையில் சிவப்பு நெயில் பாலிஷ். மறந்துவிடக் கூடாதென்று மச்சான் தன் போல்ட்டுகளுக்கு மட்டும் வைக்கும் அடையாளம் அது. ஆனால் அன்று அவன் எந்த ஹோஸிலும் போல்ட் சொருகவே இல்லை.

நாலரைக்கு என் மனைவி வந்து எவ்வளவு திட்டியும் அவன் சாவியைக் கொடுக்கவில்லை.

மறுநாள் நானும் அவனும் புரோக்கரைப் பிடித்து விசாரித்தோம். வண்டிக்குப் பச்சை பெயிண்ட் அடித்தது போன வருடம்தான். அதற்கு முன் வெள்ளை. ஒரு பள்ளிக்கூட வாத்தியாருடையது. இரண்டு வருடம் முன்பு அதே மலைப்பாதையில் மரத்தில் மோதியது. அதற்கு முந்தைய நாள் வாத்தியார் ஷெட்டுக்கு வந்து நின்றது மச்சானுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. "முடிஞ்சுது சார், தைரியமா போங்க" என்று சாவி கொடுத்தவன் இவன்தான்.

அவர் வீட்டுக்குப் போனோம். வாத்தியாரின் மனைவி தண்ணீர் கொடுத்தார். அவராகவே சொன்னார்.

"உயிரு அங்கேயே போகலைங்க. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில இருந்தாரு. தொண்டையில ஓட்டை போட்டுக் குழாய் வச்சிருந்தாங்க, அது வழியாத்தான் மூச்சு. பேச்சு வராது. ஆனா உதட்டை அசைச்சு ஒரே வார்த்தையைக் கேட்டுக்கிட்டே இருந்தாரு. என்னன்னுதான் எங்களுக்குக் கடைசி வரைக்கும் புரியல."