மேசையில் அடிக்காத மணி

“டீச்சர், போன் போட்டா நம்ம காதுல கேக்குற மணி, அந்தப் பக்கம் அடிக்குற மணிதானா?” என்று ஒன்பதாம் வகுப்பில் ஒருத்தி கேட்டாள். ஆமாம் என்றேன்.

தவறு என்று இன்று மதியம் ரத்தத்தோடு தெரிந்தது.

மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுச் சங்க அலுவலகம். அங்கே இணையத் தொலைபேசி சர்வரைப் பார்த்துக்கொள்ளும் என் மகள் ஜெனிட்டாவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன்.

படகுக்காரர் ஒருவர் உள்ளே பாய்ந்து, எழுத்தர் ராயப்பனின் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினார்.

“ஏலே, சங்கத்து ஆம்புலன்சுக்கு இங்க இருபது தடவ அடிச்சேன். மணி போவுது, எடுக்கமாட்டியோ? வலை இழுக்குற விஞ்சுல எந்தம்பி கை நசுங்கிட்டு. லோடு ஆட்டோவுல ஏத்தி அனுப்பிட்டு வாரேன்!”

“அண்ணாச்சி, மாதா சத்தியமா இங்கன அடிக்கவே இல்ல.”

“பொய்யா சொல்லுத?”

படகுக்காரர் மேசைத் தொலைபேசியையே எடுத்து ராயப்பன் நெற்றியில் அடித்தார். புருவம் கிழிந்தது.

ஜெனிட்டா நடுவே புகுந்து சர்வர் பதிவைத் திறந்தாள். இருபது அழைப்பும் இருந்தன. காலையில் மாற்றிய புதிய தொலைபேசி நிறுவனம், எண்ணுக்கு முன்னால் நாட்டுக் குறியீடான 91-ஐச் சேர்த்து அனுப்பியிருக்கிறது. தெரியாத எண் என்று சர்வர் திருப்பிவிட்டது, ஊர்ப்பெயரோடு நாட்டின் பெயரும் எழுதிய கடிதத்தைத் திருப்பும் தபால்காரரைப் போல. நிறுவனமோ அழைப்பைச் சேர்க்க வேறு வழி தேடியபடி, அழைத்தவர் காதில் மட்டும் மணியை ஓட்டியிருக்கிறது.

“மேசைக்கு மேசை அடிச்சுத்தான் பாத்தேன். வெளியேயிருந்து பாக்கலை. என் தப்பு அண்ணாச்சி” என்றாள்.

மறுபடி ஓங்கிய படகுக்காரரின் கை இறங்கியது.

ராயப்பன் துண்டை நெற்றியில் அழுத்திக்கொண்டு, “அப்ப என்னைய எதுக்கு அடிச்சிய?” என்றார்.

அவருக்கு நான்கு தையல். தம்பிக்கு இரண்டு விரல் போயிற்று.

உங்கள் அலுவலக எண்ணை, வெளியே நின்று, உங்கள் செல்போனிலிருந்து இன்றே ஒருமுறை அழைத்து, உள்ளே மேசையில் மணி அடிக்கிறதா என்று பாருங்கள்.