சித்தப்பா ஏரிக்கே திருப்பிக் கொடுத்த மீன்கள்

பிள்ளைகளே, சித்தப்பா நம்மை விட்டுப் போய் ஓர் ஆண்டு நிறைகிறது. "அவரப் பத்தி நீங்கதான் எழுதணும் மாமா" என்று சித்தி சொல்லிவிட்டார். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. கண்டதை எழுதுகிறேன்.

வெள்ளானூரில் எனக்கு அடுத்துப் பிறந்த தம்பிதான் உங்கள் சித்தப்பா. எங்கள் அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நடவு நட்டு எங்களை வளர்த்தார்கள். படிப்பு பாதியில் நின்றதும் சித்தப்பா அம்பத்தூரில் ஒரு பிரஸ் பட்டறையில் சேர்ந்தார். தகடு வெட்டும் மெஷின் நாள் முழுக்க இடிக்கும். கத்தினால்தான் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்கும். அந்தக் கத்தல் வீட்டுக்கும் வந்தது, குடியும் சேர்ந்துகொண்டது. சோற்றுத் தட்டு பறக்கும். ஒரு நாள் சித்தி பூந்தமல்லியில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். சித்தப்பா போய் அழைத்தபோது, "இன்னொரு தபா குடிச்ச, அன்னியோட அவ்ளோதான்" என்று சொல்லித்தான் சித்தி திரும்பி வந்தார்.

ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்த நீலகிரி நண்பர் ஒருவர்தான் சித்தப்பாவுக்கு இறகுத் தூண்டிலைப் பழக்கினார். மண்புழு கிடையாது. முள்ளில் கோழி இறகைப் பூச்சி மாதிரி கட்டி, நீளக் கயிற்றை முன்னும் பின்னும் வீசி, தண்ணீர்மேல் மெல்ல இறக்க வேண்டும். கோபத்தோடு வீசினால் தொப்பென்று விழும், மீன் ஓடிவிடும்.

ஞாயிறு தவறாமல் ஊர் ஏரிக்குப் போவார். வெறுங்கையோடு வருவார். "இன்னா மச்சான், ஏரில மீன் கீதா, இல்ல அதுங்களுக்கும் லீவா?" என்று தெருவே கிண்டல் செய்யும். சித்திக்குச் சிரிப்பு வரவில்லை. "ஒரு மீனாவது எட்த்துகினு வரமாட்டாரா மாமா? எங்கியோ குந்திகினு குடிக்கிறாரு. வாங்க, கண்ணால பாத்துட்டு அப்டியே எங்கம்மா ஊட்டுக்குப் போறேன்" என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

கரையில் சித்தப்பா தனியாக நின்றிருந்தார். ஒரு ஜிலேபி மீன் மாட்டியது. கையை நனைத்துக்கொண்டு அதைப் பிடித்து, முள்ளைக் கழற்றி, தண்ணீருக்குள்ளேயே தாங்கியிருந்தார். அது வாலை ஆட்டியதும் விட்டுவிட்டார்.

"யோவ், புடிச்சத ஏன்யா உட்ட?" என்று சித்தி கத்தினார்.

"மெதுவா பேசு. மீனு பூடும்" என்றார் சித்தப்பா.

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை நாங்கள் கேட்டதே இல்லை. சித்தி கிட்டே போய் அவர் வாயை மோந்து பார்த்தார். ஒன்றும் இல்லை.

"குடிச்சா கயிறு வீச வராது. கோயில்ல நின்னாக்கூட காதுக்குள்ள மெஷின் ஓடிகினேகீது. இங்க நின்னா ஓடல" என்றார் சித்தப்பா.

சித்தி கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "சரி, இன்னொண்ணு புடி, பாக்கலாம்."

அதற்குப் பிறகு நம் வீட்டில் தட்டு பறக்கவில்லை. நெஞ்சு நோய் வந்து நடக்க முடியாமல் போனபோதும், சித்தி ஆட்டோவில் அழைத்துப் போய், அவர் வீசும்போது முதுகைத் தாங்கிக்கொண்டார். காரியத்தன்று படையலுக்கு யாரோ மீன் வாங்கி வந்தார்கள். "அவரு உட்டத நான் பொரிக்கறதா?" என்று சித்தி திருப்பி அனுப்பிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் கூட இருந்தவர்களுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும், ஆட்டோக்காரத் தம்பிக்கும், நீலகிரி நண்பருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். திவசத்தன்று காலையில் எல்லோரும் முதலில் ஏரிக்கரைக்கு வாருங்கள். வரும்போது மெதுவாகப் பேசிக்கொண்டு வாருங்கள். சித்தி இறகு வீசிக்கொண்டிருப்பார்.