ஸ்கிராப்புக்குப் போகாத தொண்டை

மருந்தும் கரண்டும் சேர்த்துக் கொடுக்கப் போகிறார்கள் என்றதும், என் கதை முடிந்தது என்றுதான் நம்பினேன். இப்படி நம்புவதற்கு ஓசூர் தொழிற்சாலையில் பதினெட்டு வருஷம் ஃபிட்டராக இருந்திருக்க வேண்டும். எங்கள் ஷாப்பில் மெஷின் நின்றால் மெக்கானிக்கல்காரர் வருவார், இல்லையென்றால் எலக்ட்ரிக்கல்காரர் வருவார். இரண்டு பேரும் ஒன்றாக வந்து உதட்டைப் பிதுக்கினால், அடுத்த வாரம் அந்த மெஷின் ஸ்கிராப் யார்டில் கிடக்கும்.

எனக்குக் குரல்வளையில் புற்று. பெங்களூர் ஆஸ்பத்திரி. வாரத்தில் ஐந்து நாள் கரண்ட். கதிர்வீச்சை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். திங்கட்கிழமை மட்டும் கூடவே கீமோ மருந்தும் ஏறும். ஏழு வாரம் என்றார் டாக்டர். அதற்கப்புறம் அவர் சொன்ன எதுவும் என் மண்டையில் ஏறவில்லை. ஊருக்கு வந்ததும் என் சைக்கிளைப் பக்கத்து மெஷினில் வேலை பார்க்கும் நண்பருக்குத் தானம் பண்ணினேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே பெல்லை அடித்துப் பார்த்து வாங்கிக்கொண்டார்.

"என்னத்துக்குங்க இந்தக் கூத்து?" என்றாள் மனைவி.

"நான் போயிட்டா அது சும்மா துருப்பிடிக்குமில்ல?"

"அது கெடக்கட்டும். நாளைக்கு பஸ் ஸ்டாண்டுக்கு எதுல போவீங்க?"

நடந்துதான் போனேன். பஸ் அத்திப்பள்ளி செக்போஸ்டில் லாரிகளுக்குப் பின்னால் தினமும் தவம் கிடக்கும். ஆஸ்பத்திரியில் என் முகத்துக்கு அச்சு எடுத்து ஒரு மூடி செய்திருந்தார்கள். அதை மாட்டித் தலையை மேசையோடு பூட்டிவிடுவார்கள். ராவுவதற்கு வரும் இரும்புத் துண்டை ஜாப் என்போம்; எத்தனையோ ஜாபை வைஸ் பிடியில் இறுக்கியவன் நான். ஜாபுக்கு மூக்கு அரிக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

மூன்றாவது வாரம் வாயெல்லாம் புண். கேழ்வரகுக் கூழை மோர் மாதிரிக் கரைத்துக் கொடுத்தும் இறங்கவில்லை. நான்காவது திங்கட்கிழமை டாக்டரிடம் பேரம் பேசினேன்.

"சார், ரெண்டுல ஒண்ண நிறுத்திருங்க. எப்படியும் ஸ்கிராப்புதானே நானு?"

"யார் சொன்னது?"

"ரெண்டையும் சேத்துக் குடுக்கறீங்களே!"

அவர் பேனாவை மேசையில் போட்டார். "மொதல் நாளே சொன்னேனே! ஆபரேஷன்னா குரல்வளையையே எடுக்கணும். அத எடுக்காம காப்பாத்தத்தான் இந்தப் பாடு. மருந்து கூட இருந்தா கட்டி மேல கரண்ட் நல்லா வேலை செய்யும். பாதியில நிறுத்தினா குரலும் போகலாம், நீங்களும் போகலாம்."

முதல் நாள் போலவே அன்றும் கூட வந்திருந்த மனைவியைப் பார்த்தேன். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க எங்க பேச உட்டீங்க?"

எனக்கு வந்த எரிச்சலுக்கு நன்றாகத் திட்டியிருப்பேன். தொண்டை ஒத்துழைக்கவில்லை. ஐந்தாவது வாரம் சத்தமே நின்றுபோனது. வீட்டில் சிலேட்டில் எழுதிச் சண்டை போட்டேன். அவள் பதில் சொல்லிவிட்டு, நான் எழுதி முடிப்பதற்குள் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

ஏழு வாரமும் முடித்தேன். சில மாதம் கழித்து டாக்டர் தொண்டைக்குள் கண்ணாடி விட்டுப் பார்த்து, கட்டி இல்லை என்றார். குரல் கரகரவென்று திரும்பி வந்தது. எச்சில் சரியாக ஊறுவதில்லை. நாலு வார்த்தைக்கு ஒரு மடக்குத் தண்ணீர் வேண்டும். அந்தக் குரலில் போய் முதலில் சைக்கிளைக் கேட்டேன். கொடுத்தது கொடுத்ததுதான் என்றார் நண்பர். இப்போதும் ஷிப்டுக்கு நடந்துதான் போகிறேன்.