பக்கத்துக் காம்பராவின் புதுக் கேம்கள்

தூசியும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து சூடேறும் ஒரு வாசம், அதுதான் எங்கள் ‘டிவி கேம்’ பெட்டியின் வாசம். ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகிற பாதையோரத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்துக்குக் குவைத்திலிருந்து அதை அனுப்பியவர் அங்கே வீட்டுவேலைக்குப் போயிருந்த அம்மா. அந்த வீட்டுப் பிள்ளைகள் வேண்டாமென்று ஒதுக்கியதாம். ஏன் ஒதுக்கினார்கள் என்று அன்றைக்கு யார் யோசித்தோம்!

என் தங்கை விமலாவுக்குப் பிறவியிலேயே இருதயத்தில் ஓட்டை. நாலு படி ஏறினால் உதடு நீலம் பாரிக்கும். பள்ளிக்கூடமும் கிடையாது, ஓட்டமும் கிடையாது. பெட்டி வந்த பிறகுதான் லயத்துப் பிள்ளைகள் எங்கள் ஒற்றை அறை வீடான ‘காம்பரா’வுக்குள் விழுந்தடித்துக்கொண்டு வந்தார்கள். “தள்ளுங்கடா, இப்ப என் சான்ஸ்!” என்று அவள் அதட்ட, அத்தனை பேரும் ஒதுங்கி வழிவிடுவார்கள். அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

பெட்டியோடு வந்தது மூன்றே விளையாட்டுக் ‘கேசட்’. வேறு தேடி மாத்தளை டவுனுக்குப் போன அப்பாவிடம், டிவி ரிப்பேர் கடை முஸ்லிம் நானா கையை விரித்துவிட்டார். “இந்தக் கம்பெனிக்கு வெளியாள் ஒருத்தரும் இப்ப கேம் செஞ்சு குடுக்கிறதில்ல தம்பி. எல்லாரும் மத்தக் கம்பெனிப் பக்கம் போயிட்டாங்க.” பெட்டி செய்கிறவன் எல்லா விளையாட்டையும் தானே செய்வதில்லை, வெளியே இருப்பவர்கள் செய்து தரவேண்டும் என்பதெல்லாம் பின்னாளில் நான் படித்துத் தெரிந்துகொண்டது. எங்கள் பெட்டிக்காரன், கேசட்டைத் தன்னிடம்தான் செய்யவேண்டும், வருஷத்துக்கு இத்தனைக்கு மேல் விடக்கூடாது என்று அவர்களுக்கு ஆயிரம் சட்டம் போட்டானாம். மற்றவனோ வாசலில் நின்று “வாங்க, வாங்க” என்று அழைத்து, மலிவான சீடியில் செய்யவிட்டான். கேம்கள் அவன் பக்கம் குவிந்துவிட்டன.

எங்கள் அப்பாவும் வீம்பில் லேசுப்பட்டவர் அல்ல. மாரியம்மன் திருவிழாவில் கரகம் யார் வாசலில் முதலில் நிற்பது என்று பக்கத்துக் காம்பரா முத்தையா மாமாவோடு மல்லுக்கட்டி, அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. கொழும்பில் தமிழ்ப் பையன்களைத் தேடி ஆமிக்காரர்களின் சுற்றிவளைப்பு கூடியதால் வேலையை விட்டு வந்த மாமாவின் மகன், அந்த மற்றக் கம்பெனிப் பெட்டியையும் ஒரு பை நிறையச் சீடியையும் கொண்டுவந்தான். ஒரே வாரத்தில் எங்கள் காம்பரா வெறிச்சோடிப் போனது. புதுக் கேம் இருக்கிற இடத்துக்குத்தானே பிள்ளைகள் போவார்கள். ஆனாலும் எனக்கு வயிறு எரிந்தது.

லயத்தில் நடுச்சுவர் கூரைவரை போவதில்லை. அந்தப் பக்கத்துச் சிரிப்பும் பாட்டும் அப்படியே இந்தப் பக்கம் விழும். விமலா என்ன செய்தாள் தெரியுமா? எங்கள் டிவியின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, அடுத்த வீட்டுப் புதுக் கேமின் பாட்டுக்கு, தன் பழைய கேமைத் தனியாக உட்கார்ந்து விளையாடினாள். பாவி மகள், அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

“அப்பா, என்னத் தூக்கிட்டுப் போயி அங்க விடுங்கப்பா. கொஞ்ச நேரம் எல்லாரோடயும் இருந்துட்டு வந்துர்றேன்.”

“அவன் வந்து கூப்பிடட்டும். கூப்பிடாத வாசல நம்ம மிதிக்கிறதில்ல.”

முத்தையா மாமாவும், “அண்ணன் ஒரு வார்த்த பேசட்டும், நானே வந்து புள்ளயத் தூக்கிட்டு வாறேன்” என்று ஊரெல்லாம் சொன்னாரே தவிர, எங்கள் வாசலுக்கு வரவில்லை.

அந்த மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை விமலா போய்விட்டாள். அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. நல்லதுக்கு அழைத்தால்தான் போகவேண்டும், கெட்டதுக்கு அழைக்காமலே போகவேண்டும் என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். அதன்படி முதல் ஆளாக வந்தவர் முத்தையா மாமா. பின்னாலேயே அத்தனை பிள்ளைகளும் வந்து, காம்பரா கொள்ளாமல் வாசலிலும் நின்றார்கள். அப்பா மாமாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கதறினார்.

“நேத்து வந்திருக்கக் கூடாதா முத்தையா?”

அந்த லயம் இப்போது இல்லை, முத்தையா மாமாவும் இல்லை. அன்று எதிரும் புதிருமாக நின்ற கம்பெனிகள் இன்று வெளியாட்களை வலியத் தேடிப்போய் அழைக்கின்றன. ஒரே கேம் எல்லாப் பெட்டிக்கும் வருகிறது. என்னோடு கொழும்பில் இருக்கும் அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. சாயந்திரம் என் மகனோடு விளையாடப் பிள்ளைகள் படியேறி வரும் சத்தம் கேட்டால், முழங்கால் வலியோடு எழுந்து, அவர்கள் கதவைத் தட்டுமுன்பே திறந்து நிற்பார்.

“வாங்க புள்ளைங்களா, வாங்க. உள்ள வந்து இருங்க.”