எல்லாருக்கும் முதல் இடம்

சிராங்கூன் சாலைக்குப் பின்னால் இருந்த ஸ்கேன் நிலையத்தில் அன்று காலை சர்வர் படுத்துவிட்டது. பழைய ஸ்கேன் ஒன்றுகூடக் கணினியில் இல்லை. நல்லவேளை, எல்லாவற்றுக்கும் டேப்பில், அதாவது சுருளாகச் சுற்றிய நீளமான காந்த நாடாவில், பிரதி இருந்தது. அதைப் புதுச் சர்வருக்கு மீட்டெடுப்பது என் வேலை. ஈசூனிலிருந்து ரயிலில் வரும்போதே எனக்குக் கை பரபரத்தது. சும்மா உட்கார்ந்திருந்தால்தான் எனக்குத் தலைவலி வரும்.

காத்திருப்போர் வரிசையில் முதல் நாற்காலியில், மார்சிலிங்கிலிருந்து வந்த ஆன்ட்டி ஒருவர் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். வயிற்றில் கட்டி. முந்தின நாள் எடுத்த ஸ்கேனைப் பழையதோடு ஒப்பிட வேண்டும். கட்டி வளர்ந்திருந்தால் அறுவை சிகிச்சை, இல்லையென்றால் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பழைய ஸ்கேன் டேப்பில் மாட்டிக்கொண்டிருந்தது.

"இன்னிக்குப் பாத்துடலாம்லம்மா?"

"பாத்துடலாம் ஆன்ட்டி. உங்களோடதுதான் ஃபர்ஸ்ட்" என்று பெருமையாகச் சொன்னேன்.

மதியம் வரை ஒருவருடைய ஸ்கேனும் முழுசாக வந்து சேரவில்லை. கேபிளை மாற்றினேன். டேப் ஓடும் பெட்டியைச் சுத்தம் செய்தேன். புதுச் சர்வரைச் சோதித்தேன்; அது ஜம்மென்று ஓடியது. கோபம் தலைக்கேறி, அந்தப் பெட்டியை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

பிறகு வாயை மூடிக்கொண்டு காதைக் கொடுத்தேன். டேப் படிக்கும்போது சீராக ஒரு முனகல் கேட்கும். இங்கே முனகல் கொஞ்ச நேரம்தான், உடனே விர்ரென்று சுற்றுகிற சத்தம். படிப்பதைவிடச் சுற்றுவதுதான் அதிகம். யார் இதைச் சுற்ற வைக்கிறார்கள்?

திரும்பிப் பார்த்தேன். என்னோடு வேலை பார்க்கும் அண்ணன் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "கண்டிப்பா டாக்டர், உங்க பேஷண்டோடத முன்னாடி போட்டுடுறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாத மனிதர்.

"அண்ணே, காலையிலேர்ந்து எத்தன பேர்கிட்ட இப்படிச் சொன்னீங்க?"

"எல்லார்கிட்டயும்தான். எல்லாமே அர்ஜெண்ட் லா. நீயும்தானே அந்த ஆன்ட்டியோடத திரும்பத் திரும்ப முன்னாடி போட்டே?"

சுருக்கென்றது. டேப்பை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடவிட்டால் வேலை வேகமாக முடியும். நாங்களோ, ரயில் ஓட்டுகிறவர்கள்போல, மார்சிலிங்கில் ஒருவரை ஏற்றி ஈசூன் வருவதற்குள் வேறொருவர் கூப்பிட்டார் என்று, ஏற்றியவரை இறக்கிவிட்டு ரயிலைத் திருப்பிக்கொண்டே இருந்தோம். பாதியில் நிறுத்திய ஸ்கேன் ஒவ்வொன்றும் மறுபடி முதலிலிருந்துதான் தொடங்கியது. எங்கள் நல்ல மனசு எல்லாரையும் காக்கவைத்துவிட்டது.

"எல்லாத்தையும் கேன்சல் பண்றேன். ஒரே வேலையாப் போட்டு, டேப்ல இருக்கிற வரிசைப்படி எடுப்போம். யார் கூப்பிட்டாலும் முன்னாடி போடக் கூடாது."

"ஆன்ட்டியோடது?"

பார்த்தேன். டேப்பின் கடைசிப் பகுதியில் இருந்தது. வரிசையை மாற்றவில்லை. தொடங்கும் பொத்தானை அழுத்திவிட்டேன்.

விர்ரென்ற சத்தம் நின்றது. முனகல் தொடங்கியது, நிற்கவேயில்லை! ஸ்கேன்கள் மளமளவென்று வந்து விழுந்தன. எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. அண்ணன் நிஜமாகவே குதித்தார்.

வெளியே ஒவ்வொருவராக உள்ளே அழைக்கப்பட்டார்கள். ஆன்ட்டி எங்கள் கதவருகே வந்து நின்றார்.

"நான்தானே ஃபர்ஸ்ட்டுன்னு சொன்னே? எனக்கப்புறம் வந்தவங்கள்லாம் போயிட்டாங்க!"

"ஃபர்ஸ்ட்டு ஃபர்ஸ்ட்டுன்னு போட்டதாலதான் ஆன்ட்டி லேட்டாயிடுச்சு."

அவர் பார்த்த பார்வையில் கூசிப்போனேன். ஜெபமாலையை உருட்டியபடி போய் உட்கார்ந்துவிட்டார். கடைசிப் பகுதியில் டேப் பழுதாகியிருந்தால் இவருக்கு என்ன பதில் சொல்வது என்ற பயம் அப்போதுதான் வந்தது.

வந்தது. ஆன்ட்டியின் ஸ்கேன் முழுசாக வந்தது. டாக்டரின் அறைக்கு ஓடிப் போய்ச் சொன்னேன். ஆன்ட்டி உள்ளே போனதும் கதவு மூடிக்கொண்டது. நானும் அண்ணனும் ஏதோ வேலை இருப்பதுபோல் வெளியிலேயே நின்றோம்.

கதவு திறந்தது. ஆன்ட்டி எங்களைக் கவனிக்கவேயில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு, அங்கிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி தம் வீட்டுக்காரரிடம் கத்தினார்.

"ஏங்க, வளரவே இல்லையாம்! வெட்ட வேணாமாம் லா!"