வேதத்தில் இல்லாத குருவி

இலங்கை மலைநாட்டில் பதுளைக்கு வந்த பிறகு எனக்கு வாரத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆகிவிட்டன. பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் ஞாயிறு செவ்வாய்க்கிழமை வரும். லுணுகலைப் பக்கத் தோட்டத்தில் வியாழக்கிழமை வரும். பதுளைக் கோயிலில் மட்டும் அது ஊரில் உள்ளதுபோல் ஒழுங்காக ஞாயிற்றுக்கிழமையே வரும். உபதேசியாரான நான் என்றைக்கு வருகிறேனோ அன்றைக்குத்தான் கோயில் நாள் என்று தோட்டத்து ஜனங்கள் முடிவு செய்திருந்தார்கள். முதல் வாரம் நான் பொறுமையாகத் திருத்திப் பார்த்தேன். "இன்றைக்குச் செவ்வாய், அம்மா" என்றேன். "அதாங்க, நம்ம ஞாயித்துக்கெழம" என்றாள் ஒருத்தி. இரண்டாவது வாரத்திலிருந்து நானும் விட்டுவிட்டேன்.

திருநெல்வேலிச் சீமையில் எங்கள் ஊரில் எல்லாரும் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். பிரசங்கம் நடக்கும்போது தூங்குவதற்குக் கூட அவரவருக்கென்று பரம்பரை இடம் உண்டு. அங்கே நான் சொல்லித்தான் யாருக்கும் எதுவும் தெரியவேண்டும் என்றில்லை. ஆகவே இருபத்திரண்டு வயதில், ஒரு கறுப்புக் கோட்டும் குடையும் வேதப் புத்தகமுமாகக் கப்பலேறி, பண்டாரவளையில் ரயிலை விட்டிறங்கி நடந்து, கண்டிராத குளிருக்குள் வந்து சேர்ந்தேன். இருளில் இருக்கும் ஜனங்களுக்கு வெளிச்சம் கொண்டுபோகிறோம் என்ற எண்ணம் பண்டாரவளை வரைக்கும் நன்றாகவே இருந்தது. அதற்குமேல் அட்டைகள் பிடித்துக்கொண்டன. திங்களன்று பதுளையிலிருந்து நடப்பேன். வெள்ளியும் சனியும் திரும்பி நடப்பேன். சனி மாலை, வாரம் முழுவதும் செய்ததைப் பதுளையிலிருந்த வெள்ளைக்காரப் பாதிரியாருக்கு எழுதிக் கொடுப்பேன். 'ஜனங்கள் ஆவலோடு கேட்டார்கள்' என்பது நான் வாராவாரம் தவறாமல் எழுதிய வாக்கியம். உண்மையில் அவர்கள் கேட்டது, நாள் முழுக்கக் கொழுந்து பறித்துக் களைத்த பிறகு, பெரிய கங்காணி உட்காரச் சொன்னதால்தான்.

லுணுகலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை என்னைப் பார்த்த முதல் நாளே தமிழில் பேசினார். துரைமார் தமிழில் கட்டளைகள் மட்டும்தான் இருக்கும். "நீ சாமி பேச்சு பேசு. வேற பேச்சு இல்ல. அந்தத் தோட்டத்துச் சேதி இந்தத் தோட்டம் வந்தா, நீ போ. திரும்ப வராதே." இதில் அவருக்கு நியாயம் இருந்தது. லுணுகலைக் கங்காணிக்கும் பசறைக் கங்காணிக்கும் ஆகாது. என் ஆட்களை ஆசைகாட்டி இழுக்கிறான் என்று இவர் அவரையும், அவர் இவரையும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பகையால் இரண்டு தோட்டத்து ஜனங்களும் ஒருவரையொருவர் பார்க்க அனுமதி கிடையாது. இடையில் அரை நாள் நடைதான், ஆனாலும் தாண்டமுடியாது. இரண்டு தோட்டத்துக்குள்ளும் தடையில்லாமல் போய்வந்த ஒரே தமிழன் நான்தான்.

அதை முதலில் கண்டுகொண்டவள் பேச்சியம்மாள். பசறைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். ஒரு செவ்வாய்க்கிழமை பிரசங்கம் முடிந்ததும் சிரட்டையில் தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நின்றாள்.

"ஐயா லொணுகலைக்கும் போறீங்களாமே? அங்க என் தங்கச்சி சிட்டம்மா இருக்குங்க. ஒண்ணாத்தான் கப்பலேறுனோம். கங்காணி வேற வேறயா போனதுல ஆளுக்கொரு மலைக்கு வந்துட்டோம். மூணு வருசமாச்சு, மொகம் பாத்து."

துரையின் நிபந்தனையைச் சொன்னேன். ஊழியமே நின்றுபோகும் என்றேன். கூடவே, பொய்யும் களவும் பற்றி இரண்டு வார்த்தை உபதேசமும் செய்தேன். எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள்.

"சரிங்க. சேதி ஒண்ணும் சொல்ல வேணாம். அது எப்பிடி இருக்குன்னு மட்டும் பாத்துட்டு வாங்க. எடது கன்னத்துல அருவா பட்ட தழும்பு இருக்கும். நான் குருவின்னுதான் கூப்புடுவேன்."

அந்த வியாழக்கிழமை நான் எடுத்துக்கொண்ட பகுதி தற்செயலாக அமைந்தது என்றுதான் இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன். வேதத்தில் ஓர் அக்கா தங்கை வருகிறார்கள். வீட்டுக்கு வந்த கர்த்தரின் காலடியில் தங்கை உட்கார்ந்துவிடுகிறாள். அக்கா அடுப்படியில் கஷ்டப்படுகிறாள். ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடிக்கலாம். காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கங்காணி நாற்காலியில் இருந்தார். மூன்றாவது வரிசையில் இடது கன்னத்தில் தழும்போடு ஒரு பெண், தரையில் குச்சியால் கோடு கிழித்துக்கொண்டிருந்தாள். என் வாய் என்னைக் கேட்காமலே பேசியது.

"அந்த அக்கா அடுப்படியில் நின்றுகொண்டு, என் குருவி எப்படி இருக்கிறாளோ என்று நினைத்தாள்" என்றேன்.

குச்சி நின்றது. அவள் நிமிர்ந்தாள். அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள் என்றும், மூத்தவனுக்குப் பால்பல் விழுந்துவிட்டது என்றும், லயத்து வீட்டுக்குப் பின்னால் அவரைக்கொடி போட்டிருக்கிறாள் என்றும் பசறையில் பார்த்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். நான் கடலைக் கடந்து வந்த பிறகு ஒருவர் என் பிரசங்கத்தை உயிரோடு கேட்டது அன்றுதான் முதல் தடவை. முடிந்ததும், சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன். வாராவாரம் கேட்பேன், யாரும் எதையும் கேட்டதில்லை. அன்று அவள் எழுந்து நின்றாள்.

"ஐயா, அந்தத் தங்கச்சி முழுகாம இருக்குன்னு தெரிஞ்சா, அக்கா சந்தோசப்படுமாங்க?"

"மிகவும் சந்தோஷப்படுவாள்" என்றேன். அடுத்த செவ்வாய்க்கிழமை பசறையில் சந்தோஷப்பட்டாள்.

அதன்பிறகு ஏழெட்டு மாதம் எனக்கு வேறு பிரசங்கமே இல்லை. செவ்வாய்க்கிழமை தங்கையின் கதை. வியாழக்கிழமை அக்காவின் கதை. வேதத்தோடு எதையும் கூட்டக்கூடாது என்று அதன் கடைசிப் பக்கத்தில் கண்டிப்பாக எழுதியிருக்கிறது. நான் கடைசிப் பக்கம் வரை போகாமல் பார்த்துக்கொண்டேன். மற்ற ஜனங்களும் கதையில் ஊன்றிவிட்டார்கள். அவரைக்கொடியில் பூச்சி விழுந்த வாரம் ஒரு கிழவர் எழுந்து, சாம்பல் தூவச் சொல்லுங்க என்றார். தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்த வாரம் பசறையில் குலவை போட்டார்கள். 'ஜனங்கள் ஆவலோடு கேட்டார்கள்' என்று சனிக்கிழமை எழுதியபோது முதல் முறையாக அது பொய்யாக இல்லை.

அந்த வாக்கியமே என்னை மாட்டிவிட்டது. இவ்வளவு ஆவலுள்ள ஜனங்களை நேரில் பார்க்கவேண்டும் என்று பாதிரியார் ஆசைப்பட்டார். குதிரையில் வந்து லுணுகலை ஜனங்களைச் சோதித்து அறிவதாகச் சொல்லி ஒரு வியாழக்கிழமையைக் குறித்தார்.

அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமை பேச்சியம்மாள் பெரட்டுக் களத்துக்கு வரவில்லை. சில வாரங்களாகவே இருமிக்கொண்டிருந்தவள்தான். அதையும் கதையில் சொல்லியிருந்தேன். அவள் புருஷன் வந்தான். தலைப்பாகையைக் கையில் வைத்துக்கொண்டு, "ரெத்தமா வருதுங்க. ஆஸ்பத்திரியிலயும் கைய விரிச்சிட்டாங்க. குருவிய ஒருக்கா பாத்துட்டா போதும்னு பொலம்புது" என்றான்.

வியாழக்கிழமை மாலை களத்தில் இரண்டு நாற்காலிகள் கூடுதலாகப் போட்டிருந்தன. ஒன்றில் துரை, ஒன்றில் பாதிரியார். வேதத்தை மூல பாஷையிலேயே படித்தவர் பாதிரியார். அவர் முன்னால் ஒரு சொல் கூட்டினாலும் தெரிந்துவிடும். தெரிந்தால் துரைக்கும் தெரியும். என் ஊழியம் அன்றோடு முடியும். அடுத்த கப்பலில் ஊர். சொல்லாவிட்டால், பசறையில் ஒருத்தி வாசலைப் பார்த்துக்கொண்டே செத்துப்போவாள். நான் என்ன செய்தேன் என்றால், பயந்தேன். புத்தகத்தில் உள்ளதை உள்ளபடியே வாசித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நினைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

பாதிரியார் திருப்தியோடு எழுந்தார். "அன்பானவர்களே, அந்த இரண்டு சகோதரிகளைக் குறித்து நீங்கள் அறிந்திருக்கிறது யாது?" என்று அச்சடித்த தமிழில் கேட்டார்.

ஜனங்கள் என்னைப் பார்த்தார்கள். சாம்பல் தூவச் சொன்ன கிழவர் எழுந்தார். "தொரைங்களே, உபதேசி ஐயா இன்னிக்கு மேலாக்கச் சொல்லிட்டு விட்டுட்டாருங்க. அக்காவுக்கு இருமல் எப்பிடி இருக்குன்னே சொல்லலீங்க."

"இருமலா?" என்றார் பாதிரியார். தம் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார்.

அப்போது சிட்டம்மாள் கைக்குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். நான் எதுவும் சொல்லாததிலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. "ஐயா, அக்காவுக்கு ரொம்ப முடியலீங்களா?" என்றாள்.

மூன்று நாற்காலிகளும் என்னைப் பார்த்தன. "ரொம்ப முடியவில்லை. தங்கையைப் பார்க்கவேண்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறாள்" என்றேன்.

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பெண்கள் எல்லாரும் அழுதார்கள். பாதிரியார் புத்தகத்தை மூடினார். இந்த மலைகளில் எத்தனையோ வருஷம் பிரசங்கித்த மனிதர். தம் முன்னால் யாரும் அழுது அவர் பார்த்ததில்லை.

"மகளே, உன் வாஞ்சை என்ன?" என்றார்.

"அக்காவப் பாக்கணுங்க, சாமி."

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. துரையின் பக்கம் திரும்பி இங்கிலீஷில் வேகமாகப் பேசினார். இந்தப் பெண் பரலோகத்துச் சகோதரிக்காக ஏங்குகிறாள், ஞாயிறு ஆராதனைக்குப் பதுளைக் கோயிலுக்கு வர இவளுக்கு விடுமுறை தரவேண்டும் என்றார். பதுளைக்குப் போகும் பாதை பசறை வழியாகத்தான். நான் மொழிபெயர்த்துத் தெளிவாக்கியிருக்கலாம். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். என் வாழ்நாளில் நான் செய்த மிகப் பயனுள்ள ஊழியம், அந்த இரண்டு நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்ததுதான்.

துரை தோளைக் குலுக்கினார். "போ. செவ்வாக்கெழம பெரட்டுல நிக்கணும்" என்றார்.

துரைமார் போன பிறகு கங்காணி என்னைத் தனியே கூப்பிட்டார். தொலைந்தேன் என்று நினைத்தேன். "என்ன உபதேசியாரே, என்னைய மடையன்னு நெனச்சீங்களா? அவ அக்கா அந்தப் பய தோட்டத்துல இருக்கது எனக்குத் தெரியாதா? மொத நாளே தெரியும். அவன்கிட்ட பகைய வச்சுக்கிட்டு நானா எப்பிடிப் போயிட்டு வான்னு சொல்லுவேன்? சாமி சொன்னா சரி" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த அவரைக்கொடி பொழச்சிச்சா?" என்று கேட்டார்.

சிட்டம்மாள் சனிக்கிழமை காலையில் பசறைக்கு வந்து, திங்கட்கிழமை இருட்டோடு கிளம்பும்வரை அக்காவின் பக்கத்தைவிட்டு நகரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பதுளைக் கோயிலில் பாதிரியார் அவளுக்காக முன் பெஞ்சைக் காலியாக வைத்திருந்தார். அது கடைசிவரை காலியாகவே இருந்தது. "இந்த ஜனங்கள் இப்படித்தான்" என்றார், வருத்தத்தோடு. ஆமாம் என்றேன்.

செவ்வாய்க்கிழமை நான் பசறைக்குப் போய்ச் சேரும்போது பேச்சியம்மாளின் பாடையை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வியாழக்கிழமை லுணுகலையில் களத்தின் முன்னால் நின்றேன். இதை எந்த அக்காவின் தலையில் வைத்து எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சிட்டம்மாள் என் முகத்தைப் பார்த்தாள். நான் வாய் திறப்பதற்குள் எழுந்தாள்.

"தெரியுங்க ஐயா. கதையில அக்கா சாக வேணாங்க. அது அங்கனயே சோறாக்கிக்கிட்டு இருக்கட்டும்" என்றாள்.

நான் அழுதேன். பிறகு சொன்னேன்: அக்கா உலை வைத்தாள். அவரைக்காய் பறித்தாள்.

மூன்றாம் வருஷம் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போனேன். மலைக்குப் போய் வந்த மகன் என்று கோயிலில் பிரசங்கம் செய்யச் சொன்னார்கள். எதையோ எடுத்து எங்கேயோ போய், என் வாய் பழகின தடத்துக்கு வந்துவிட்டது. "அந்த அக்கா, என் குருவி எப்படி இருக்கிறாளோ என்று லுணுகலைப் பாதையைப் பார்த்தாள்" என்றேன். பரம்பரை இடங்களில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் அத்தனைபேரும் விழித்துக்கொண்டார்கள். பின்வரிசையில் சிரித்தார்கள். ஆராதனை முடிந்ததும் குருவானவர் என்னிடம், "அது எந்த மொழிபெயர்ப்பு, தம்பி?" என்று கேட்டார். வேதத்தைத் தலைகீழாகச் சொல்லக்கூடிய என் அம்மா மட்டும் அதைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது, "ஏல, அந்தக் குருவி அக்காளப் பாக்க வந்துட்டால்லா?" என்றாள். வந்துவிட்டாள் என்றேன். "அப்பம் சரி" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள். "நீ மறுபடி எப்பம்ல வருவ?" என்றாள்.

திரும்பி வந்த முதல் வியாழக்கிழமை களத்தில் அதே நாற்பது பேர். சிட்டம்மாளின் மகள் நடக்க ஆரம்பித்திருந்தாள். வழக்கம்போல உலை வைத்து, காய் பறித்து முடித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அந்த அக்கா தங்கைக்கு ஓர் அம்மாவும் உண்டு. எப்போது வருவாய் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்" என்றேன்.

கங்காணி நாற்காலியிலிருந்து, "அந்தம்மா எங்கன இருக்குங்க?" என்று கேட்டார்.

"கடலுக்கு அந்தப் பக்கம்" என்றேன்.

நான் கையைக் காட்டவில்லை. நாற்பது பேரும், கங்காணியும் சேர்ந்து, ஒரே திசையில் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே தேயிலை மலை ஒன்று மறைத்துக்கொண்டு நின்றது.