எஞ்சினுக்குக் கப்பல் விளக்கு

ஜெர்மன் நீராவி எஞ்சினுக்கு இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை விளக்கு மாட்டிய முட்டாள் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஃபீனிக்ஸ் பே கப்பல் பட்டறையில் கப்பல்களுக்கு வயரிங் செய்கிறவன். ரயிலே இல்லாத தீவில் பிறந்தவன். என்னிடமிருந்த எஞ்சின் படங்களெல்லாம் கறுப்பு வெள்ளை. இரவில் நகர்கிற எதற்கும் சிவப்பு பச்சைதான் என்று கை தானாக முடிவுசெய்துவிட்டது.

அது போருக்குப் பிறகு மேற்கு ஜெர்மனியில் செய்த இருபத்து மூன்றாம் வகை எஞ்சின். பயணி வண்டிகளை இழுத்து ஓய்ந்துபோன பழைய பிரஷ்ய எஞ்சின்களுக்குப் பதிலாக வந்தது. அந்த ரயில்வே கடைசியாக வாங்கிய புது நீராவி எஞ்சினும் இந்த வகைதான். ஒரு கையால் இதை வாங்கிக்கொண்டே மறு கையால் டீசலுக்கும் மின்சாரத்துக்கும் மாறினார்கள். எதை வீட்டுக்கு அனுப்ப வந்ததோ, கடைசியில் அந்தப் பழசோடு சேர்ந்தே இதுவும் வெளியே போனது. படித்த நாளிலிருந்து அந்த அதிகாரிகள்மேல் எனக்கு ஆத்திரம். அது அவர்களுக்குத் தெரியவே தெரியாது என்பதில் இன்னும் ஆத்திரம்.

அதனால்தான் பிளைவுட்டில் மாடல் செய்தேன். சர்ச் திருவிழாக் கண்காட்சியில் நடுமேசையே கிடைத்தது. பரிசு கொடுக்க வந்தவர் மெயின்லேண்டில் ரயில்வே வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். குனிந்து பார்த்தார்.

"என்ன சார், கப்பலுக்குச் சக்கரம் வெச்சிருக்கீங்க? முன்னாடி மூணு லைட்டும் வெள்ளையால்ல இருக்கணும்!"

கூடமே சிரித்தது. ஹேடோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் என் வங்காளி நண்பன், "அரே பாய், இஸ்கோ ஜெட்டி பே லகா தோ!" என்று கத்தினான். படகுத்துறையில் கொண்டுபோய்க் கட்டவேண்டுமாம்.

பரிசு கொடுக்க வந்தவர் மாடலைப் பொம்மை மேசைக்கு மாற்றச் சொன்னார். பிளாஸ்டிக் வாத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

"யோவ், இங்கயா வெப்பீங்க! பொம்மையா இது? பாய்லர் முழுக்க வெல்டிங் சார்! இதோட ஹிஸ்டரி எழுதி வெச்சிருக்கேனே, படிச்சீங்களா?"

"படிச்சேன். ஹிஸ்டரி சரி. லைட்டு தப்பு."

விடவில்லை. பிரஷ்ய எஞ்சினிலிருந்து ஆரம்பித்தேன். டீசலுக்கு வருவதற்குள் பிரியாணி தயார் என்று மைக்கில் சொன்னார்கள். கூடம் காலி. வாத்தும் நானும்தான்.

மரைன் ஹில் ஏற்றம் முழுக்க, மாடலைச் சுமந்தபடி அந்த ஆளைத் திட்டிக்கொண்டே வந்தேன். மெயின்லேண்டுத் திமிர், பொறாமை, அரைகுறை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த என் மனைவி நின்றாள்.

"ஏங்க, அந்தாளு பொய் சொல்லியிருந்தா நீங்களும் சேந்து சிரிச்சிருப்பீங்க. நெசத்தச் சொல்லிட்டாரு, அதான் இந்தக் குதி குதிக்கிறீங்க."